ரவுட்டருக்கும் மிக்ஸிக்கும் ஆகாது

தம்பி, அந்த டப்பாவைக் கொஞ்சம் மடியில எடுத்து வச்சுக்கிறீங்களா, நான் இப்படி உக்காந்துக்கிறேன். நல்லது. என்னது அது, ரவுட்டரா? வைஃபை ரவுட்டர். மேல படம் போட்டிருக்கே, அதான் கேட்டேன். மாத்துறதுக்கா கொண்டு போறீங்க? மாத்துங்க, மாத்துங்க. இல்ல, நான் ஒண்ணும் சொல்லல. முன்னப் பின்னத் தெரியாதவங்களுக்கு யோசனை சொல்ற பழக்கமே எனக்குக் கிடையாது. ஆனா ரவுட்டர்னு வந்துட்டா திண்டுக்கல்ல என்னையத் தாண்டி யாரும் இல்ல. அது மட்டும் உண்மை.

என் பேரு குழந்தைவேலு. இன்சூரன்ஸ் ஏஜென்டு. பயப்படாதீங்க, இன்னிக்குப் பாலிசி எதுவும் கொண்டு வரல. அந்தா, முன்னாடி சீட்டுல பச்சைச் சேலை கட்டிக்கிட்டு, மடியில பழக்கூடை வச்சிருக்கே, அது எங்க வீட்டுக்காரம்மா. தெய்வானைன்னு பேரு. பஸ்ஸுல ஏறுனதும் அவதான் சொன்னா, எனக்குக் காத்து வேணும், நீங்க போயி அந்தத் தம்பி பக்கத்துல உக்காருங்கன்னு. நாங்க சங்கரன்கோவிலுக்குப் போறோம். பொண்ணுக்கு மாப்பிள்ளை வீடு பாக்கப் போறோம். நீங்களும் சங்கரன்கோவிலா? அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு.

அபிநயான்னு ஒரே பொண்ணு எனக்கு. கம்ப்யூட்டர் வேலை. வீட்டுல இருந்தே பாக்குறா. அவளுக்கு இதுக்கு முன்னாடி ரெண்டு இடம் வந்துச்சு. ரெண்டும் கைக்கு வந்து நழுவிப் போச்சு. எதுனாலன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு விளங்கல தம்பி. முதல் இடத்துல எல்லாம் நல்லாத்தான் போயிக்கிட்டு இருந்துச்சு. காப்பி குடுத்தாச்சு, பலகாரம் குடுத்தாச்சு. பையனோட அப்பா சோபாவுல சாஞ்சு நல்லா உக்காந்திருந்தாரு. நான் சும்மா பேச்சுக்கு ஒண்ணு கேட்டேன். ஐயா, நீங்க நாளைக்கே போயிட்டீங்கன்னா இந்தப் பிள்ளைக்கு என்ன ஏற்பாடு பண்ணி வச்சிருக்கீங்கன்னு. முப்பது வருஷமா எந்த வீட்டுக்குப் போனாலும் நான் கேக்குற முதல் கேள்வி அதுதான். அந்த மனுஷன் டம்ளரைக் கீழ வச்சாரு. ஜாதகம் பொருந்தலைன்னு அடுத்த நாள் சொல்லி விட்டாங்க. ஜாதகம் பாத்த பிறகுதானே பொண்ணு பாக்கவே வந்தாங்க? அந்த ஜோசியரைத்தான் சொல்லணும்.

ரெண்டாவது இடத்துல பையனோட அம்மா தனக்கு முழங்கால் வலின்னாங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு அம்மாவுக்கும் இப்படித்தான் முழங்கால்ல ஆரம்பிச்சுச்சுன்னு சொன்னேன். பாதியில நிறுத்துனா மரியாதையா இருக்காதுன்னு கடைசி வரைக்கும் சொன்னேன். கருமாதி சாப்பாடு எப்படி இருந்துச்சுங்கறது வரைக்கும் சொன்னேன். அவங்களுக்கும் ஜாதகம் பொருந்தல.

மூணாவதா வந்ததுதான் இந்தச் சங்கரன்கோவில் இடம். பையன் பேரு ஹரிசங்கர். கத்தார்ல என்ஜினியர். அபிநயாவும் அவனும் ஒருக்கா போன்ல பேசுனாங்க. பேசி முடிச்சுட்டு வெளிய வந்து, அப்பா இந்த இடம் எனக்குப் பிடிச்சிருக்குப்பான்னு சொன்னா. தம்பி, என் பொண்ணு எதையும் பிடிச்சிருக்குன்னு வாயைத் திறந்து சொன்னதே கிடையாது. தீபாவளித் துணியைக் கூட, ம், சரின்னுதான் சொல்லுவா. அவ அப்படிச் சொன்னதும் எனக்கு ஒரு பயம் வந்துருச்சு. இதுவும் நழுவிட்டா பிள்ளை தாங்க மாட்டாளேன்னு பயம்.

பையனோட அப்பா கோமதிநாயகம். ஹெட்மாஸ்டரா இருந்து ரிட்டயரானவர். தரகர் முன்னாடியே சொல்லிட்டாரு, சாருக்கு வளவளன்னு பேசுறவங்களைக் கண்டா ஆகாது, எந்திரிச்சுப் போயிருவாருன்னு. நல்லதாப் போச்சுய்யா, எனக்கும் ஆகாதுன்னேன். தரகர் ஏனோ தெய்வானை மூஞ்சியைப் பாத்தாரு.

பையன் கத்தார்ல இருக்கறதால பேச்செல்லாம் கம்ப்யூட்டர்லதான். ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாங்க மூணு பேரும் ஹால்ல லேப்டாப்பு முன்னாடி உக்காருவோம். அங்கிட்டு அவங்க அப்பா அம்மா, இன்னொரு கட்டத்துல பையன். முதல் தடவை எங்க வீட்டுல கேபிள்காரர் குடுத்த ரவுட்டர்தான் இருந்துச்சு. வெள்ளையா, சோப்பு டப்பா மாதிரி. சம்பந்தி வணக்கம்னாரு. நானும் வணக்கம்னேன். என்ன பண்ணுதீங்கன்னு கேட்டாரு. நான் தொண்டையைச் செருமி, இன்சூரன்ஸ்ங்கறது என்னன்னா ஐயான்னு ஆரம்பிச்சேன். அவ்வளவுதான். லைன் போச்சு.

நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருக்கேன். எனக்கு எப்படித் தெரியும்? அவங்களுக்கு என் படம் மட்டும் அப்படியே நிக்குது. வாய் லேசாத் திறந்து, கண்ணு மேல பாத்து. பையன் அதை அவன் போன்ல படம் பிடிச்சு அபிநயாவுக்கு அனுப்பியிருந்தான். அவ எனக்குக் காட்டுனா. ரெண்டு பேரும் சேந்து சிரிச்சிருக்காங்க. எனக்கு மானமே போச்சு. ஆனா ராத்திரி தரகர் போன் பண்ணி, கோமதிநாயகம் சாருக்கு உங்களை ரொம்பப் பிடிச்சுப்போச்சு, அளந்து பேசுத மனுசரு, நல்ல அமைதியான முகம்னு சொன்னாருன்னு சொல்றாப்ல.

பிடிச்சது வரைக்கும் சந்தோஷம்தான். ஆனா ஒரு தகப்பன் தன் பொண்ணைப் பத்தி நாலு வார்த்தை பேச வேண்டாமா? வாயைப் பொளந்த படத்தை நம்பியா ஒருத்தர் சம்பந்தம் பண்ணுவாரு? அன்னைக்கு முடிவு பண்ணினேன். நம்பிக்கையான ரவுட்டர் ஒண்ணு வாங்காம விடறதில்லைன்னு.

இதுல ஆச்சரியம் என்னன்னா, எம் பொண்ணு வேண்டாங்கறா. பொழுதன்னைக்கும் இன்டர்நெட்டுலயே கெடக்குற பொண்ணு, இந்த ரவுட்டரே போதும்ப்பா, நல்லாத்தானே இருக்குங்கறா. அவ ஆபீஸ் வேலைக்குப் போன்ல இருந்து நெட்டு எடுத்துக்கிறாளாம். தெய்வானையும் அதையேதான் சொன்னா, அதான் ஒருத்தருக்கொருத்தர் பிடிச்சுப்போச்சுல்ல, அப்புறம் என்னாத்துக்குன்னு. அப்பாவுக்குச் செலவு வைக்கக் கூடாதுன்னு பிள்ளைக்கு எம்புட்டு அக்கறை பாருங்க. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. கலங்குன கண்ணோடயே கடைக்குப் போனேன்.

அன்வர்னு ஒருத்தர் கம்ப்யூட்டர் கடை வச்சிருக்காரு. நல்ல மனுஷன். நான் போன முதல் நாள் காப்பி வாங்கிக் குடுத்தாரு. ரெண்டாவது நாளும் குடுத்தாரு. அப்புறம் நான் போறப்பெல்லாம் அவருக்குத் தொழுகைக்கு நேரமாயிரும். பொருளை வாங்குறதுன்னா நாலையும் பாத்துத்தான் வாங்கணும் தம்பி. கத்திரிக்காயைக் கூட நான் காம்பைத் திருப்பிப் பாக்காம வாங்க மாட்டேன். ஒவ்வொரு ரவுட்டரா கையில தூக்கிப் பாத்தேன். கனமா இருக்கறதுதான் உழைக்கும்னு என் கணக்கு. அன்வர், அங்கிள், ரவுட்டரை எடை போட்டு வாங்குனவங்களை நான் பாத்ததில்லைன்னாரு. பாத்திருக்க மாட்டாரு, சின்ன வயசு. அப்புறம் நம்ம கேள்வியைக் கேட்டேன். இது நாளைக்கே செத்துப்போச்சுன்னா, இதை நம்பி இருக்கறவங்க கதி என்னன்னு. அன்வர் டப்பாவைத் திருப்பிக் காட்டி, வாரண்டி இருக்கு அங்கிள்னாரு.

கடைசியில நாலு ஆன்டெனா வச்ச ஒண்ணை எடுத்தேன். கருப்பு. மேசை மேல வச்சா நண்டு மாதிரி நிக்கும். அன்வர் ஒண்ணே ஒண்ணு சொல்லி அனுப்புனாரு. இதைச் சமையல்கட்டுல மட்டும் வைக்காதீங்க அங்கிள், வீட்டுக்கு நடுவுல, உயரமா, தடுப்பு இல்லாத எடத்துல வைங்கன்னு. பழைய ரவுட்டர் சமையல்கட்டுல ஜன்னலோரமா இருந்துச்சு. வயர் அந்த வழியாத்தான் வருது. நான் ஹாலுக்கு மாத்தப் போனா, தெய்வானை விடல. மின்சாரச் சாமான் எல்லாம் அக்னி மூலையிலதான் இருக்கணும், தென்கிழக்குல, அதை விட்டு எடுத்தா பொண்ணு கல்யாணம் தட்டிப்போகும்னுட்டா. நம்ம வீட்டுல தென்கிழக்குங்கறது சமையல்கட்டு. அதுக்கு மேல நான் எங்க பேசுறது? கல்யாணம்னு சொல்லிட்டாளே. இதுக்கு முன்னாடி அவ வாஸ்து பேசி நான் கேட்டதே இல்ல. என்னையவிட விவரமானவன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். சந்தனம் குங்குமமெல்லாம் வச்சா. ரவுட்டருக்குக் காத்துப் போறதுக்கு ஓட்டை இருக்கும் பாருங்க, சந்தனத்தைச் சரியா அது மேலதான் அப்புனா.

சரி, அடுத்த ஞாயித்துக்கிழமை உக்காந்தோம். படம் கண்ணாடியா தெரியுது. கோமதிநாயகம் சாரோட மூக்குக்கண்ணாடியில அவங்க வீட்டு டியூப்லைட் தெரியுது, அம்புட்டுத் தெளிவு. தெய்வானை கொஞ்ச நேரம் உக்காந்து பேசிட்டு, அடுப்புல வேலை இருக்குன்னு உள்ள போனா. சார் என்னையப் பாத்து, சொல்லுங்க சம்பந்தி, எப்படி இருக்கீங்கன்னாரு. நான் முன்னாடி நகந்து உக்காந்து, ஐயா, ஒரு மனுஷனோட வாழ்க்கைங்கறதுன்னு ஆரம்பிச்சேன். சமையல்கட்டுல மிக்ஸி ஓடுச்சு. லைன் போச்சு.

அதுக்கு அடுத்த வாரமும் அப்படித்தான். நான் வாயைத் திறக்கறதும், உள்ள மிக்ஸி ஓடுறதும், லைன் போறதும் ஒண்ணா நடக்குது. ரவுட்டரும் மிக்ஸியும் ஒரே பலகையில இருக்கு, பக்கத்துப் பக்கத்துச் சுவிட்சு. நான் யோசிச்சு யோசிச்சுக் கண்டுபிடிச்சேன் தம்பி. ரவுட்டருக்கும் மிக்ஸிக்கும் ஆகாது. இது எந்தக் கம்பெனிக்காரனும் டப்பாவுல போடறதில்ல. அன்வர்கிட்ட சொன்னேன், அவருக்கே தெரியல. தெய்வானைகிட்டயும் சொன்னேன். நீ அந்த நேரத்துல அரைக்காதேன்னு. அவ கையில பாதி உடைச்ச தேங்காயோட நின்னுக்கிட்டு, ஆமாங்க, நான் அரைக்கறதுதான் காரணமா இருக்கும், பாவம், மறந்து மறந்து போயிருதுன்னா. அடுத்த வாரமும் மறந்துட்டா. அந்த ரெண்டு மாசம் எங்க வீட்டுல சட்னிக்குக் குறைச்சலே இல்ல. இட்லி இல்லாத அன்னைக்குக் கூட சட்னி இருக்கும். சோத்துக்குச் சட்னி, உப்புமாவுக்குச் சட்னி. பிரிட்ஜைத் திறந்தா கிண்ணம் கிண்ணமா சட்னி. ஒரு பொண்ணைக் கட்டிக் குடுக்கறதுன்னா சும்மாவா, என்னென்ன தின்ன வேண்டியிருக்கு.

ஆனா அங்கிட்டு என் மதிப்பு ஏறிக்கிட்டே போகுது. சம்பந்தி மாதிரி அடக்கமான மனுசரை இந்தக் காலத்துல பாக்க முடியாது, வணக்கம்னு ஒரு வார்த்தை, அதுக்கு மேல ஒரு சிரிப்பு, அவ்வளவுதான், அப்படின்னு சார் தரகர்கிட்ட சொல்லி அனுப்புறாரு. எனக்குச் சங்கடமா இருக்கும். நான் பேசவே ஆரம்பிக்கலையேய்யா, பேசுனா இன்னும் எவ்வளவு பிடிக்கும் இவருக்குன்னு நெனச்சுக்குவேன்.

அதுக்கு நடுவுல ஒரு நாள் பெரிய பேச்சு. பையன் லீவுல வர்றான், வந்த கையோட நிச்சயத்தை வச்சுக்கலாமான்னு முடிவு பண்ணணும், வர்ற ஞாயித்துக்கிழமை பேசிருவோம்னு தகவல் வந்துச்சு. அன்னைக்குப் பேச்சு நல்லா முடிஞ்சுட்டா அப்புறம் நாங்க போயி மாப்பிள்ளை வீட்டைப் பாத்து, அங்க கை நனைச்சுட்டு வரணும். எங்க பக்கம் வழக்கம் அதுதான். அவங்க வீட்டுல சோத்துல கையை வச்சுட்டா சம்பந்தம் உறுதின்னு அர்த்தம். அதுக்கு முன்னாடி தண்ணி குடிச்சாலும் கணக்குல வராது. அபிநயா அந்த வாரம் பூராவும் சரியாச் சாப்பிடல. நகத்தைக் கடிச்சுக்கிட்டே இருந்தா. எனக்குப் பாக்கப் பொறுக்கல.

இந்தத் தடவை லைன் போகக் கூடாதுன்னு கங்கணம் கட்டிக்கிட்டேன். அன்வர் கடைக்குப் போனேன். இருந்தாரு, தப்பிக்க முடியல. கரண்டு போனாலும் ரவுட்டர் நிக்காம இருக்க குட்டியா ஒரு பேட்டரி டப்பா இருக்கு அங்கிள், சுவிட்சு அணைஞ்சாக் கூட நாலு மணி நேரம் ஓடும்னாரு. இதை மொதல்லயே சொல்றதுக்கு என்னய்யான்னேன். நீங்க எங்க என்னைய சொல்ல விட்டீங்கன்னாரு. வேடிக்கையாப் பேசுவாரு. வாங்கிட்டு வந்து, தெய்வானை கோயிலுக்குப் போயிருந்த நேரத்துல சுவிட்சுக்கும் ரவுட்டருக்கும் நடுவுல மாட்டி, மிளகாய்ப்பொடிச் சம்படத்துக்குப் பின்னாடி தள்ளி வச்சுட்டேன். யாருகிட்டயும் சொல்லல. இனிமே அவ பாட்டுக்கு அரைக்கட்டும், நம்ம பாட்டுக்குப் பேசுவோம். அவளுக்கு ஒரு இன்ப அதிர்ச்சியா இருக்கட்டும்னு நெனச்சேன்.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம். படம் அருமையா வருது. எல்லாரும் பேசுறாங்க, நாளு பாக்குறாங்க, மண்டபம் பேசுறாங்க. அபிநயா எனக்குப் பக்கத்துல. பையன் அவளைப் பாக்குறான், அவ பையனைப் பாக்குறா. அவ முகத்துல ஒரு சிரிப்பு இருந்துச்சு தம்பி. சத்தமில்லாம, உள்ள விளக்கு போட்ட மாதிரி. நான் பெத்து வளத்த பிள்ளை, அந்தச் சிரிப்பை நான் அதுக்கு முன்னாடி பாத்ததே இல்ல. நல்லாருக்கணும் பிள்ளைன்னு இருந்துச்சு எனக்கு.

அப்பத்தான் கோமதிநாயகம் சார் என்னையப் பாத்துச் சொன்னாரு. "சம்பந்தி, இன்னைக்கு உங்க வீட்டு லைன் நல்லா இருக்கு. கேபிள்காரன் சும்மா குடுக்கானே, அதுதானே வச்சிருக்கீங்க? அதுவே போதும், பாத்துக்கிடுங்க. ரவுட்டர்ல என்ன இருக்கு, எல்லாம் ஒண்ணுதான். இதுக்குப் போயி கடை கடையா ஏறி எறங்குதான் ஒவ்வொருத்தன். வேலை இல்லாத பயலுவ. என்ன சொல்லுதீங்க?"

தம்பி, என்னையப் பாத்துக் கேக்குறாரு. என்ன சொல்லுதீங்கன்னு கேக்குறாரு. நான் ரெண்டு மாசமா தூக்கத்துல கூட ரவுட்டரைப் பத்தி நெனச்சவன். எடை தெரியும், ஆன்டெனா தெரியும், சுவர் தெரியும், மிக்ஸி தெரியும். எல்லாம் நெஞ்சுல இருந்து கெளம்பித் தொண்டைக்கு வந்துருச்சு. ஐயா, நீங்க ஹெட்மாஸ்டரா இருந்தவரு, ஆனா இந்த விஷயத்துல ஒண்ணாங்கிளாஸ்னு முதல் வாக்கியமே தயாரா நிக்குது. நான் முன்னாடி நகந்தேன். சமையல்கட்டுல டக்குன்னு சுவிட்சு சத்தம் கேட்டுச்சு.

லைன் போகல.

மறுபடி டக்கு. மறுபடியும் டக்கு டக்குன்னு நாலு தடவை. லைன் அசையல. திரும்பிப் பாத்தா தெய்வானை சமையல்கட்டு வாசல்ல நிக்குறா, மூஞ்சியில ஈயாடல. அவளுக்குப் பின்னாடி மிக்ஸி தெரியுது, மேல ஜாரே இல்ல. ஜார் இல்லாம எதை அரைக்கப் போனா? பாவம், வயசாகுதில்ல, மறதி வந்துருச்சு. அப்புறம் அபிநயாவைப் பாத்தேன். அவ என்னைத்தான் பாத்துக்கிட்டு இருந்தா. அந்தச் சிரிப்பு போயிருந்துச்சு. ஒண்ணும் சொல்லல அவ. சொல்லியிருந்தாக் கூட நான் பதில் பேசியிருப்பேன். கண்ணு ரெண்டும் நெறஞ்சு, அப்படியே என் வாயையே பாத்துக்கிட்டு இருக்கா.

எனக்கு என்ன தோணுச்சுன்னு தெரியல. வாய் திறந்தது திறந்தபடி, கண்ணு மேல பாத்தது பாத்தபடி நான் அப்படியே நின்னுட்டேன். அசையல. மூச்சு விடல. லைன் போனா நான் எப்படி இருப்பேன்னு எனக்குத் தெரியுமே, அந்தப் படத்தைத்தான் பாத்திருக்கேனே. அச்சா அதே மாதிரி.

"போச்சு, லைன் போச்சு"ன்னு சார் சொல்றாரு. காதுல விழுது. கண்ணை உருட்ட முடியல, ஓரமா பாக்குறேன், என் பொண்ணு ஒரு நொடி முழிச்சா. அப்புறம் அவளும் அசையாம நின்னுட்டா. கன்னத்துல ஒரு விரலை வச்சது வச்சபடி. தெய்வானை என்ன ஆச்சுன்னு ஓடி வந்தவ, எங்க ரெண்டு பேரையும் பாத்தா, திரையைப் பாத்தா, அவளுக்கு என்ன புரிஞ்சுதோ, ஒரு காலை முன்னாடி வச்ச மேனிக்கு அவளும் நின்னுட்டா. கையில கரண்டி. கொலு வச்ச மாதிரி மூணு பேரும் நிக்கறோம். அப்ப பாத்து ஒரு ஈ வந்து என் மூக்குல உக்காருது. ஓட்டிவிட முடியுமா? பொண்ணு கல்யாணம்.

அவங்க லைன் இல்லைன்னு நெனச்சுக்கிட்டு அவங்களுக்குள்ள பேச ஆரம்பிச்சுட்டாங்க. சார் வீட்டுக்காரம்மாகிட்ட சொல்றாரு, எனக்கு இந்தக் குடும்பம் திருப்தியா இருக்குட்டி, பொண்ணோட அப்பா கேட்ட கேள்விக்குக் கூட யோசிச்சுத்தான் பதில் சொல்ல வாயெடுத்தாரு, அதுக்குள்ள லைன் போயிட்டுன்னு. அந்தம்மா பையனைக் கேட்டாங்க, ஏலே ஹரி, நீ என்னல சொல்லுத, வச்சுக்கிடலாமான்னு.

பையன் எங்க கட்டத்தையே உத்துப் பாத்துக்கிட்டு இருந்தான். எனக்கு என்னன்னு புரியல. அப்புறம் அவன் கண்ணு கொஞ்சம் மேல போச்சு. எங்க தலைக்கு மேல. அப்பத்தான் எனக்கு உறைச்சுது. எங்க ஹால் ஃபேன் சுத்திக்கிட்டு இருக்கு தம்பி. நாங்க மூணு பேரும் செலை, மேல ஃபேன் மட்டும் ஜம்முன்னு சுத்துது. பின்னாடி காலண்டர் வேற படபடன்னு அடிச்சுக்குது.

தொலைஞ்சோம்னு நெனச்சேன். இவன் ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அந்தப் பையன் உதட்டைக் கடிச்சுக்கிட்டான். சிரிப்பை அடக்குறான்னு தெரியுது. அபிநயாவைப் பாத்தே சொன்னான். "ஆமாப்பா, அவங்க வீட்டு லைன் சுத்தமாப் போயிட்டு. எனக்கு இந்தப் பொண்ணுதான் வேணும். நீங்க நிச்சயத்துக்கு நாள் குறிங்க. நான் கட் பண்ணிடுதேன்."

திரை கருப்பாச்சு. அதுக்கப்புறமும் நான் அசையல. கட் ஆயிருச்சான்னு நம்பிக்கை வரல எனக்கு. அபிநயா என் கையைப் பிடிச்சு, "அப்பா, மூச்சு விடுங்கப்பா"ன்னா. சொல்லிட்டு என் தோள்ல மூஞ்சியை வச்சுக்கிட்டு அழுதா. சிரிச்சுக்கிட்டே அழுதா. தெய்வானை கரண்டியோட தரையில உக்காந்துட்டா. அவளும் அழுகுறா. எதுக்குடி அழுகுறேன்னு கேட்டா, முப்பது வருஷம் கழிச்சு இன்னைக்குத்தாங்க உங்களை மறுபடி கட்டிக்கலாம் போல இருக்குங்கறா. ரவுட்டர் நல்லா வேலை செஞ்சதுக்கு இம்புட்டு சந்தோஷம் அவளுக்கு.

இல்ல தம்பி, நான் அதிகம் பேசுறவன்னு அர்த்தம் இல்ல. அப்படி யாராவது நெனச்சா தப்பு. பேசுறவன்னா அன்னைக்குப் பேசியிருக்க மாட்டேனா? என்ன, அந்த ஒரு வாக்கியம் இன்னும் இங்க நிக்குது. நெஞ்சுக்குழியில. ராத்திரி படுத்தா அது எந்திரிச்சு உக்காந்துக்குது. இன்னைக்கு அவரை நேர்ல பாக்கப் போறேன். எலை போட்டுப் பக்கத்துல உக்கார வைப்பாரு. நிச்சயம் அந்தப் பேச்சை எடுப்பாரு, எனக்குத் தெரியும். நேர்ல லைன் போச்சுன்னு எப்படி உக்கார்றது? அதைத்தான் தெய்வானை பஸ்ஸுல ஏறும்போதே சொன்னா. ரவுட்டரைப் பத்தி என்னென்ன மனசுல இருக்கோ எல்லாத்தையும் வழியிலயே யாருகிட்டயாவது எறக்கி வச்சுட்டு வாங்க, அங்க போயி எலையில கையை வச்சுட்டு எந்திரிக்கற வரைக்கும் ஒரு வார்த்தை கூடாதுன்னு. அவதான் பஸ்ஸைச் சுத்திப் பாத்து, கையில டப்பாவோட இருந்த உங்களைக் காட்டுனா.

அதான் எறக்கிட்டேன். இப்ப உள்ள ஒண்ணும் இல்ல. அந்தா, கோபுரம் தெரியுது பாருங்க. ஸ்டாண்டு வந்துருச்சு. மாப்பிள்ளையோட அப்பாவே கூட்டிட்டுப் போக வந்திருக்காரு போல, அந்த வெள்ளைச் சட்டை, குடை வச்சிருக்காரே, அவர்தான். படத்துல பாத்ததைவிட உயரமா இருக்காரு. ஒரு மத்தியானம். எம் பொண்ணுக்காக ஒரு மத்தியானம் சும்மா இருக்க முடியாதா என்னால? இருந்துருவேன்.

என்னது? என்ன கேட்டீங்க? அப்ப எந்த ரவுட்டரைத்தான் வாங்கறதுன்னா? ஏன் தம்பி, இவ்வளவு தூரம் பக்கத்துலயே உக்காந்து வந்தீங்க, அப்பல்லாம் கேக்காம இப்பக் கேக்குறீங்க? நாக்கு நுனியில நிக்குது. கம்பெனி பேரு, மாடல் நம்பரு, எங்க மாட்டணும், எல்லாம் நிக்குது. ஆனா பாருங்க, தெய்வானை திரும்பிப் பாத்துட்டா. அவரும் ஜன்னல்கிட்ட வந்துட்டாரு, என்னையப் பாத்துக் கும்பிடறாரு.

மன்னிச்சுக்குங்க தம்பி. எனக்கு லைன் போயிருச்சு.